வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பஸோடு வேலை செய்வது எப்படி

இது யாருக்கு என்று முதலே சொல்லிவிடுகிறேன். வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ விரிவுரையாளராக இருக்கிறீர்கள், ஒரு நாள் துறைத்தலைவர் கூப்பிட்டு "இனி இந்த இன்டர்நேஷனல் வேலையெல்லாம் நீங்கதான் பாக்கணும்" என்று ஒரு கோப்பைத் தந்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோப்போடு முழித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது.

கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் காலாவதியான ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை இருக்கும், அதில் கையெழுத்து வைத்தபோது எடுத்த குழுப்படம் இருக்கும், யாரோ ஒருவருடைய விசிட்டிங் கார்ட் இருக்கும். அந்த உடன்படிக்கையால் ஒரு பிள்ளையாவது போய்ப் படித்ததா, ஒரு பாடமாவது சேர்ந்து நடந்ததா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நம்மூரில் மட்டுமல்ல, நாடு முழுக்க இதே கதைதான். ஆகவே புது உடன்படிக்கைக்கு ஓடாதீர்கள், கையெழுத்து கடைசியில் வரட்டும். கோலாலம்பூரிலோ ஜெர்மனியிலோ ஒரு மேசையில் இருக்கிற அலுவலர் நம்முடைய துறையின் கடதாசிகளை எடுத்துப் பார்த்தால், நம்மிடம் ஒன்றும் கேட்காமலே அவருக்கு எல்லாம் விளங்கவேண்டும். துறையை அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. அதற்குக் காசு தேவையில்லை, முக்கால்வாசிக்கு மூதவையின் (செனட்டின்) அனுமதியும் தேவையில்லை.

மேலிடம் ஏன் இதில் இவ்வளவு அக்கறைப்படுகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். உலகத் தரவரிசைதான் காரணம், வேறு காரணங்களை மேடையில் சொல்வார்கள். டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசையில் சர்வதேசத் தன்மைக்கு 7.5 சதவீதம் புள்ளி: வெளிநாட்டு மாணவர், வெளிநாட்டு ஆசிரியர், வெளிநாட்டாரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, மூன்றுக்கும் தலா 2.5. கியூஎஸ் தரவரிசையில் வெளிநாட்டு மாணவருக்கு 5, ஆசிரியருக்கு 5, ஆய்வுத் தொடர்புகளுக்கு 5. இதில் முதல் இரண்டும் இப்போதைக்கு நம் கையில் இல்லை. உள்ளூர் மாணவனுக்கு இலவசக் கல்வி கொடுக்கிற அரச பல்கலைக்கழகம், அதுவும் கொழும்பிலிருந்து ஒரு இரவுப் பயணத் தூரத்தில் இருப்பது, கட்டணம் கட்டிப் படிக்கிற வெளிநாட்டு மாணவரை ஆயிரக்கணக்கில் இழுக்கப்போவதில்லை. சேர்ந்து எழுதுவதும் சேர்ந்து படிப்பிப்பதும் நம்மால் முடியும். உங்கள் உழைப்பை அங்கே போடுங்கள்.

இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. சுவீடனில் மால்மோ பல்கலைக்கழகக் கல்லூரி 1998இல்தான் தொடங்கியது. மாணவரை அனுப்புவதற்கு வெளிநாட்டுத் தொடர்பு ஒன்றும் கைவசம் இல்லை. சர்வதேச விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெங்க்ட் நில்சன், போகமுடியாத பெரும்பான்மைக்கு வீட்டிலேயே சர்வதேசக் கல்வியைக் கொடுப்போம் என்று 1999இல் ஒரு யோசனையை முன்வைத்தார். பாடத்திட்டத்தில் பிறநாட்டு உதாரணங்கள், ஊரிலேயே இருக்கிற வேற்று மொழிக்காரர், வேற்றுப் பண்பாட்டுக்காரரோடு பழக்கம், இவைதான் அதன் அடிப்படை. இன்று ஐரோப்பாவில் இதற்கென்று தனிக் கொள்கையே இருக்கிறது. நம்மிடம் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே பீடத்தில் படிக்கிறார்கள், கண்டீனில் போய்ப் பார்த்தால் சமூகத்துக்கொரு மேசை. ஜப்பானியப் பிள்ளையோடு பழகப் பயிற்சி கொடுக்கமுதல், அம்பாந்தோட்டையிலிருந்து வந்த பிள்ளையோடும் காத்தான்குடிப் பிள்ளையோடும் ஒரே குழுவில் ஒப்படை செய்யப் பழக்குங்கள். குழுக்களை மாணவர் பிரிக்க விடாமல் நீங்களே பெயர்ப் பட்டியலைப் போட்டால் போதும், ஒரு அரையாண்டிலேயே வித்தியாசம் தெரியும்.

கிரெடிட் கணக்கு

இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் மாணவர் பரிமாற்றம் அதிகமாக முறிவது இங்கேதான்.

விவசாய பீடத்து மாணவி ஒருத்தி ஒரு அரையாண்டில் 15 கிரெடிட் முடித்திருக்கிறாள் என்று வையுங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, அதாவது நாம் எஸ்.எல்.கியூ.எஃப். என்று சொல்வதன்படி, ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, செய்முறை, வாசிகசாலையில் இருந்த நேரம், ஒப்படை, சோதனைக்குப் படித்தது எல்லாம் அதற்குள் அடக்கம். வருடத்துக்கு 30 கிரெடிட், அப்படியென்றால் 1500 மணித்தியாலம். ஐரோப்பாவின் ஈ.சி.டி.எஸ். முறையில் வருடத்துக்கு 60 கிரெடிட், ஒன்று 25 தொடக்கம் 30 மணித்தியாலம். நம்முடைய பிள்ளையின் 15ஐ 50ஆல் பெருக்கினால் 750, அதை 25ஆல் பிரித்தால் 30. ஐரோப்பியக் கணக்கில் ஒரு அரையாண்டின் முழுச் சுமையையும் அவள் படித்திருக்கிறாள். இந்த விளக்கம் இல்லாமல் வெறும் 15 என்று டிரான்ஸ்கிரிப்ட் போனால், அங்கே இருப்பவர் அரைவாசிதான் படித்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார். அவர்மேல் பிழை சொல்லமுடியாது. தொழிற்பயிற்சிக்கும் ஆய்வுக்கும் ஒரு கிரெடிட்டுக்கு 100 மணித்தியாலம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இறுதி ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் மதிப்பு அதில்தான் தெரியும்.

அதே தலையிடி திரும்பி வரும்போதும் உண்டு. அவள் 30 ஈ.சி.டி.எஸ். எடுத்து வந்தால் நம்முடைய பரீட்சைப் பிரிவு அதை எப்படிப் பதியும்? அவள் போகமுதல் முடிவு செய்யவேண்டிய விஷயம் இது. எந்தப் பாடத்துக்குப் பதிலாக எந்தப் பாடம் என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, மாணவி, நம் பீடாதிபதி, அங்குள்ள இணைப்பாளர் மூவரும் ஒப்பமிடவேண்டும். பீடச் சபைக்கும் மூதவைக்கும் கட்டாயம் போகவேண்டியது இந்த ஒன்றுதான். அதை முற்கூட்டியே ஒரு பொது விதியாக நிறைவேற்றி வைத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக மன்றாடத் தேவையில்லை.

புள்ளியும் அப்படித்தான். நம்மூரில் 70க்கு மேல் எடுப்பது பெரிய காரியம், அமெரிக்காவில் 70 என்றால் முகம் சுளிப்பார்கள். டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் புள்ளி வீச்சையும், கடைசி இரண்டு மூன்று பெட்ச்சில் எத்தனை சதவீதம் பேர் ஏ எடுத்தார்கள், எத்தனை சதவீதம் பி என்பதையும் அச்சிட்டு வையுங்கள். ஏ எடுத்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர் என்று தெரிந்தால் பார்க்கிறவருக்கு அந்தப் பி-யின் பெறுமதியும் விளங்கிவிடும்.

பாட விபரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வேண்டும், ஆங்கிலத்தில்: படித்து முடித்தால் மாணவருக்கு என்ன செய்யவரும், எத்தனை மணித்தியாலம், எப்படி மதிப்பிடுகிறோம், என்ன வாசிக்கிறார்கள், யார் படிப்பிக்கிறார். தமிழில் நடக்கிற பாடத்துக்கும் இந்த ஒரு பக்கம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதை இணையத்தளத்தில் போட்டு, புதுப்பித்த திகதியையும் போடுங்கள். திறக்காத இணைப்பைப் பார்த்தால் மற்றப் பக்கம் இருப்பவர் துறையே மூடிவிட்டது என்று நினைப்பார், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

பெயரும் பாஸ்போர்ட்டும்

சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இதிலேயே ஒரு வாய்ப்புப் போய்விடும். நம்முடைய பிள்ளைகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஏ.எல். சான்றிதழில் இன்னொரு மாதிரி, கம்பஸ் பதிவில் முதலெழுத்துகளோடு, பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கோ பின்னுக்கோ. ஆங்கிலத்தில் ஒரு 'எச்' எழுத்துக் கூடிக் குறைந்தாலே வெளிநாட்டு அலுவலகம் இரண்டு ஆட்கள் என்று எடுத்துக்கொள்ளும். முஸ்லிம் பிள்ளைகளின் பெயர்களில் முஹம்மது என்பதை எழுதுகிற விதங்களை எண்ணினால் கை விரல் போதாது. முதலாம் வருடத்திலேயே, பதிவு செய்கிற அன்றைக்கே, இதைச் சொல்லிக் கொடுங்கள்: எல்லாக் கடதாசியையும் பாஸ்போர்ட்டின் எழுத்துக்கு ஏற்ப நேராக்கு, முடியாவிட்டால் சத்தியக் கடதாசி ஒன்றை இப்போதே முடித்து வை. அழைப்பு வந்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு ஓடுகிற பிள்ளைக்கு மாதங்கள் பறக்கும். சான்றிதழ்களை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்துவது, விசாவுக்குக் கொழும்புக்குப் போவது, வங்கிக் கணக்கில் காட்டவேண்டிய தொகை, எல்லாவற்றையும் முன்கூட்டி ஒரு தாளில் எழுதிச் செலவையும் பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். மஹாபொல உதவித்தொகையில் படிக்கிற பிள்ளைக்கு விசாவுக்கென்று கொழும்புக்குப் போய்த் தங்கி வருகிற செலவே பாரம்தான். தெரிவு செய்கிற குழுவில் நீங்கள் இருந்தால் அதற்கு ஒரு முற்பணத்துக்கு வழி தேடுங்கள். இல்லாவிட்டால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் போவார்கள், நாமும் திறமைக்குக் கொடுத்தோம் என்று அறிக்கை எழுதிக்கொண்டிருப்போம்.

பெண் பிள்ளை என்றால் வீட்டாரோடு நீங்களே கதைக்கவேண்டி வரும். தொலைபேசியில் முடியாது, நேரில் போங்கள், முடிந்தால் ஏற்கெனவே போய் வந்த ஒரு சீனியர் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாய் தகப்பன் கேட்பது நியாயமான கேள்விகள்தான்: எங்கே தங்குவாள், யார் சமைப்பது, ஹலால் சாப்பாடு கிடைக்குமா, பயிற்சி முடிந்து எத்தனையாம் திகதி வீட்டில் நிற்பாள். பதிலை எழுதிக் கையில் கொடுத்தால் பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும்.

முதல் மின்னஞ்சல்

பல்கலைக்கழகத்துக்கு எழுதாதீர்கள், ஒரு ஆளுக்கு எழுதுங்கள். சர்வதேச அலுவலகத்தின் பொது முகவரிக்குப் போகிற கடிதம் அநேகமாகக் கிணற்றில் போட்ட கல். உங்கள் துறைக்குக் கிட்டின விஷயத்தில் அண்மையில் எழுதிய ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய கட்டுரையை உண்மையாகவே வாசித்துவிட்டு எழுதுங்கள். "மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி நம்முடைய பல்கலைக்கழகத்தின் வரலாறு, 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1986இல் பல்கலைக்கழகமானது என்றெல்லாம் எழுதினால் இரண்டாம் வரியோடு மூடிவிடுவார். பேராசிரியர் இன்னார் என்று குடும்பப் பெயரைப் போட்டு, அவருடைய வேலையில் எது உங்களுக்குப் பயன்பட்டது, உங்களிடம் என்ன இருக்கிறது, அவரிடமிருந்து என்ன சின்ன உதவி வேண்டும் என்று மூன்று பந்தியில் முடியுங்கள். சின்ன உதவி என்றால் சின்னதாகவே கேளுங்கள்: உங்கள் மூன்றாம் வருட மாணவருக்கு இணையவழியில் நாற்பத்தைந்து நிமிடம் பேசுவாரா? இதற்கு ஆம் என்று சொல்ல அவர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

உங்களிடம் என்ன இருக்கிறது என்பதில் தாழ்ந்து போகவேண்டாம். மட்டக்களப்பு வாவி, உலர் வலய நெற்செய்கை, 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஒரு கரையோரம் எப்படி மீண்டது, வடமோடி தென்மோடிக் கூத்து, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் சேர்ந்தே இருக்கிற தாய்வழிக் குடி முறை, இதையெல்லாம் படிக்க வேறு எங்கே போவது? டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தபோது ஒலுவிலில் பல்கலைக்கழகமே இல்லை. அந்தக் குடிமுறைதான் அவரைத் திரும்பத் திரும்ப இங்கே கொண்டுவந்தது. அவர்களிடம் ஆய்வுகூடமும் காசும் இருக்கிறது, நம்மிடம் களமும் மொழியும் மனிதரும். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: தரவு சேர்க்கிற வேலையை மட்டும் நம் தலையில் கட்டிவிட்டுக் கட்டுரையில் நன்றி சொல்லும் வரியில் பெயர் போடுகிறவர்களோடு இரண்டாம் தடவை போகவேண்டாம். இணை ஆசிரியர் யார், தரவு யாருடையது என்பதை முதலாம் கூட்டத்திலேயே பேசுங்கள். வெட்கப்படுகிற விஷயமில்லை, அவர்கள் தங்களுக்குள்ளேயும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

சேர்ந்து படிப்பித்தல்

ஒருவர் வந்து பேசி எல்லாம் நல்லபடி நடந்தால், அடுத்த படி இரண்டு வகுப்பையும் நாலைந்து வாரம் இணைத்து ஒரே ஒப்படையைச் செய்விப்பது. உலகத்தில் இதை கோயில் (COIL) முறை, அதாவது இணையவழியில் நாடு கடந்து சேர்ந்து கற்பது, என்கிறார்கள், நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2006இல் இதற்கு ஒரு மையமே அமைத்தார்கள். புதுப் பாடம் தேவையில்லை, ஏற்கெனவே இருக்கிற பாடத்தின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டால் சரி. நேரத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஜெர்மனியோடு என்றால் மாரியில் நமக்குப் பின்னேரம் இரண்டு மணி, அவர்களுக்குக் காலை ஒன்பதரை. மலேசியாவோடு சுலபம், இரண்டரை மணித்தியால வித்தியாசம்தான். டொரொன்டோ என்றால் கோடையில் நமக்கு இரவு ஏழரை, அவர்களுக்குக் காலை பத்து. விடுதிப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் வைக்கமுதல் விடுதிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். எல்லாரும் முகம் காட்டவேண்டும் என்று அடம்பிடிக்கவேண்டாம், டேட்டாச் செலவு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். கலந்துரையாடலில் பாதியை வட்ஸ்அப் குரல் பதிவாக வைத்தால் ஆங்கிலத்துக்குக் கூச்சப்படுகிற பிள்ளையும் நாலு தரம் பேசிப் பார்த்து அனுப்பும். அந்தக் கூச்சம்தான் பெரிய தடை. அறிவு குறைவு என்று யாரும் நினைக்கவேண்டாம்.

தமிழில் நடக்கிற துறைகள்

"நாங்கள் தமிழ் மீடியம், எங்களுக்கு இதெல்லாம் எங்கே" என்று கலை பீடத்தில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது விளங்கவேயில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையின் முதல் பேராசிரியரானார். இன்றைக்கு அதைப் பரிமாற்றத் திட்டம் என்று சொல்லிப் படம் எடுத்துப் போடுவோம். இலங்கையரான தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை நடத்தினார், நாலாவது மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்துக்கே வந்தது. இப்போது ஹார்வர்டிலும் டொரொன்டோ ஸ்காபரோவிலும் தமிழ் இருக்கைக்கு மக்களே காசு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே படிக்கிறவர்களுக்குப் பேச்சுத் தமிழ் கேட்க, களத்தில் நிற்க ஒரு இடம் வேண்டும். மூன்று வாரத் தமிழ்ப் பயிற்சி ஒன்று, காலையில் வகுப்பு, பின்னேரம் கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்தும் இசையும் என்று வைத்தால், கொழும்பால் கொடுக்கமுடியாத ஒன்றை மட்டக்களப்புக் கொடுக்கும். முழுப் பட்டத்தையும் ஆங்கிலமாக்கப் புறப்படவேண்டாம், அதில் பிள்ளைகளின் படிப்புத்தான் கெடும். ஒலுவிலில் அரபு மொழி, இஸ்லாமியக் கற்கைகள் பீடம் இருக்கிறது, அவர்களுடைய உலக வரைபடம் வேறு. ஐரோப்பாவைத் தேடி அலையாமல் மலேசியா, இந்தோனேசியா, துருக்கி, வளைகுடா என்று தொடங்குவது அவர்களுக்கு இயல்பு.

வருகிறவரை வைத்திருப்பது

முதலில் காலநிலை. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும் வடகீழ்ப் பருவமழை, வெள்ளம் வந்தால் வீதி மூடும், சில இடங்களில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும். ஐரோப்பியர் குளிர்கால விடுமுறையில் வருகிறோம் என்று கேட்டாலும் தலையாட்டவேண்டாம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நல்லது, வெயில் சுடும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அறுகம்பேயில் அலைச்சறுக்குக் காலமும் அப்போதுதான். பொத்துவிலில் அவ்வளவு வெள்ளைக்காரர் திரிகிறார்கள், அதே கரையில் இருக்கிற ஒலுவில் கம்பஸுக்குள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை! அவர்களில் பட்டப்பின்படிப்பு மாணவரும் இருப்பார்கள். ஒரு பின்னேரப் பேச்சுக்கு அறிவித்தல் ஒட்டிப் பார்த்தால் என்ன என்று எனக்கு வெகுநாளாக ஒரு எண்ணம். சுற்றுலா விசாவில் வந்தவரைச் சும்மா கேட்கிறவராகக் கூப்பிடலாம், படிப்பிக்க விடவேண்டாம். படிக்கவோ படிப்பிக்கவோ வருகிறவருக்கு அதற்குரிய விசாவைப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு முன்கூட்டியே எடுக்கவேண்டும்.

நம்முடைய கல்வியாண்டு சில வேளை அவர்களுடையதோடு சேராது. கொரோனா, 2022 நெருக்கடி, வேலைநிறுத்தம் என்று பெட்ச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்த காலத்தில் அடுத்த அரையாண்டு எப்போது தொடங்கும் என்று நமக்கே தெரியாமல் இருந்தது. ஆகவே முழு அரையாண்டுப் பரிமாற்றத்தை வாக்குக் கொடுக்காமல், இரண்டு மூன்று வாரக் குறுகிய நிகழ்ச்சியாகத் தொடங்குங்கள். பரீட்சைத் திகதி மாறினாலும் அது தப்பும்.

அடுத்தது அவர்கள் பக்கத்துப் பாதுகாப்பு அலுவலர். அவர் நம்முடைய கடிதத்தைப் படிக்கமாட்டார், தன் நாட்டின் பயண அறிவுறுத்தலைத்தான் படிப்பார். 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக் குண்டுவெடிப்பு அவருடைய கோப்பில் இருக்கும், 2024 ஒக்டோபரில் அறுகம்பே பற்றி அமெரிக்கத் தூதரகம் விட்ட எச்சரிக்கையும் இருக்கும். மறைத்துப் பிரயோசனமில்லை. தங்குமிடம் எங்கே, இரவில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, போதனா வைத்தியசாலை எவ்வளவு தூரம், வாகனம் யாருடையது என்று ஒரு பக்கத்தில் எழுதி முதலே அனுப்பிவிடுங்கள். பகிடிவதை பற்றியும் கேட்பார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்று சொல்வது காணாது, உங்கள் பீடத்தில் முறைப்பாடு வந்தால் யார் விசாரிக்கிறார் என்று சொல்லத் தெரியவேண்டும்.

மற்றவை சில்லறை விஷயம்: மட்டக்களப்பு வரைக்கும் ரயில் இருக்கிறது, வந்தாறுமூலைக்கு ஏறாவூரில் இறங்கலாம். ஒலுவிலுக்கு ரயில் இல்லை, மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக பஸ்ஸோ வேனோ. குளியலறை சுத்தமாக இருக்கட்டும், நுளம்பு வலை இருக்கட்டும், வைஃபை வேலை செய்கிறதா என்று அந்த அறைக்குள் போய் நின்று பாருங்கள். கணினிப் பிரிவில் எடுரோம் என்ற பல்கலைக்கழகங்களின் பொது வைஃபை இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அவர்கள் தங்கள் கம்பஸ் கடவுச்சொல்லோடேயே உள்ளே வரலாம். உறைப்புக் குறைக்கச் சொல்லுங்கள், தயிர் மட்டும் தாராளமாக இருக்கட்டும்.

காசு யாரிடம் கேட்பது

இதில் பலர் அறியாத ஒன்று: நல்ல திட்டங்கள் சிலவற்றுக்கு நாம் நேரடியாக விண்ணப்பிக்கமுடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் கிரெடிட் பரிமாற்றத் திட்டத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகம்தான் விண்ணப்பிக்கும், நாம் பங்காளி. இப்போதைய திட்டம் 2021 தொடக்கம் 2027 வரைக்கும். விண்ணப்பம் வழமையாக வருடத் தொடக்கத்தில் முடிந்துவிடும் என்பதால் அவர்களோடு பேச்சை முந்திய ஒக்டோபருக்குள் முடித்திருக்கவேண்டும். ஆசிரியர் பயணம் ஐந்து நாளிலேயே தொடங்கலாம் என்பது வசதி, முதலில் நீங்கள் ஒருவர் போய் ஒரு வாரம் படிப்பித்துவிட்டு வாருங்கள். ஜப்பானின் சகுரா சயன்ஸ் திட்டத்திலும் அங்கிருக்கிற நிறுவனம்தான் கேட்கவேண்டும். தனியாளாகப் போடக்கூடியவை வேறு: இந்தியாவின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில், ஜப்பானின் மெக்ஸ்ட், பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. (DAAD). இந்தியாவைக் கைவிடவேண்டாம், செலவு குறைவு, தமிழ்நாடு என்றால் தமிழிலேயே பேசலாம், காய்ச்சல் என்றால் ஒரு நாளில் வீட்டுக்கு வரலாம்.

கலாநிதிப் பட்டத்துக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்களா என்பது தனிப் பிரச்சினை. திரும்பி வருவோம் என்று பிணை முறி வைத்தும் 2022க்குப் பிறகு நாடு முழுக்கப் பலர் வரவில்லை. அவர்களைத் திட்டுவதில் நமக்கு ஒரு பலனும் இல்லை. போனவரை அங்கிருந்தே இணை மேற்பார்வையாளராகப் பிடித்துப்போடுங்கள், ஊரையும் தெரியும், அங்கத்தைய ஆய்வுகூடமும் தெரியும், அப்படியொரு ஆளை வெளியிலிருந்து தேடினால் கிடைக்காது.

அப்புறம் போலி மாநாடு. "மதிப்புக்குரிய பேராசிரியரே, தங்கள் அற்புதமான கட்டுரையை வாசித்தோம்" என்று பேங்கொக்கிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்து கட்டணமும் கேட்டால் அழித்துவிடுங்கள். அதில் போய்ப் படித்துவிட்டு வந்து சர்வதேச மாநாடு என்று பதவி உயர்வுப் படிவத்தில் எழுதுகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்கவேண்டாம். சஞ்சிகை என்றால் ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. (DOAJ) என்ற சஞ்சிகைப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கடைசி வேலை, இன்றைக்கே செய்யக்கூடியது. இந்தத் தொடர்பெல்லாம் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருக்கக்கூடாது. துறைக்கென்று ஒரு பொது முகவரி எடுத்து, எல்லாக் கடிதத்துக்கும் அதைப் பிரதியில் போடுங்கள். யார் யாரோடு என்ன பேசினோம், அடுத்தது யார் எழுதவேண்டும், எத்தனையாம் திகதிக்குள் என்று ஒரு கூகுள் ஷீட் வையுங்கள். போய் வந்த பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் அங்கே எங்கே தங்கினார்கள், எது கஷ்டமாக இருந்தது, என்ன செலவானது என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி வாங்கி அதற்குள்ளேயே போடுங்கள். நாளைக்கு உங்களுக்கும் படிப்பு விடுமுறை கிடைக்கும், துறைத்தலைவர் வேறொரு தம்பியையோ தங்கச்சியையோ கூப்பிடுவார். அந்த ஆள் கேட்கமுதல் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.